பரப்பைக் குறைத்து எழுதாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மன்னார்குடியில் பம்புசெட் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு லினக்ஸ் போர்டு தயார் செய்து தருகிறேன். போன குறுவைக்குச் செய்த போர்டில் மோட்டார், நீர்மட்ட சென்சார் எல்லாம் சரியாக ஓடின. புது மென்பொருளைத் தனியாகச் சோதிக்க கேவிஎம் (போர்டுக்குள்ளேயே இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் லினக்ஸ் வசதி) போட்டபோதுதான் சிக்கல். மெய்நிகர் கணினிக்கான இன்டரப்ட் (சாதனங்கள் பிராசசரின் கவனத்தைக் கேட்கும் சிக்னல்) வசதியே கிடைக்கவில்லை. நான்கு இரவுகள் தேடினேன்.

தவறு, எந்தப் பாகம் எந்த நினைவக முகவரியில் இருக்கிறது என்று லினக்ஸின் மையமான கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பில் இருந்தது. போர்டில் இன்டரப்டுகளைக் கையாளும் பகுதி ஜிஐசி-400. அதற்கு நான்கு நினைவகப் பகுதிகள் எழுத வேண்டும்: இன்டரப்டுகளைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு 4 கேபி (கிலோபைட்), அவற்றை பிராசசர் பெற்று முடிக்கும் சிபியு இன்டர்ஃபேஸுக்கு 8 கேபி, மெய்நிகர் பகுதிகள் இரண்டுக்கும் தலா 8 கேபி. போர்டோடு வந்த கோப்பிலோ சிபியு இன்டர்ஃபேஸுக்கு 4 கேபிதான். இன்டரப்டை முடித்துவைக்கும் 'டீஆக்டிவேட்' ரெஜிஸ்டர் (சிப்புக்குக் கட்டளை எழுதும் இடம்) சரியாக இரண்டாவது 4 கேபியின் தொடக்கத்தில் இருக்கிறது; அது விட்டுப்போனதால்தான் சிக்கல். இரண்டு மா நிலத்துக்கு ஒரு மாவென்று பட்டா எழுதி, மோட்டார் கொட்டகையை வெளியே விட்டதுபோல!

பரப்பு போதவில்லை என்று கெர்னல் பதிவிலேயே ஒரு வரி இருந்தது. பூட் ஆகிவிட்டதே என்று அதை நான் படிக்கவில்லை. பழைய கோப்பைப் பார்த்து எழுதும் பாலிடெக்னிக் பிள்ளைகள் சிப் கையேட்டின் முகவரி அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். அப்புறம் அந்த எச்சரிக்கை வரிகளையும் படிக்கட்டும். உங்கள் மாணவர் பகுதியில் இதை விளக்கமாக வெளியிட வேண்டுகிறேன்.

ஒரு வாசகர்,
மன்னார்குடி