உன் அம்மை எழுந்துவிட்டது

அன்புள்ள செல்வம்,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். எனக்கு நுரையீரலில் காசநோய். சளியில் கிருமி இருந்தது, நாலு மருந்து சாப்பிடுகிறேன், இது ஏழாவது வாரம். இருமல் நின்றுவிட்டது, எடையும் ஏறுகிறது. பதறாதே. சாந்தியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. பத்து நாள் முன்பு வலது விலாவில் எரிச்சல். சட்டை உரசினாலே உயிர் போனது. அந்த நாலு மருந்தில் ஒன்றான ஐசோநயாசிட் நரம்பைப் பாதிக்கும் என்று சொல்லியிருந்தார்கள், அதுதானாக்கும் என்று இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டேன். அந்த மருந்தால் வரும் மரமரப்பு இரண்டு பாதத்திலும் தொடங்கும், இப்படி ஒரு பக்கமாக வராது என்று அப்போது தோன்றவில்லை. மூன்றாம் நாள் காலையில் முதுகிலிருந்து நடுமார்பு வரை பட்டையாக நீர்க்கொப்புளங்கள். நடுக்கோட்டைத் தாண்டி ஒன்றுகூட இல்லை. அக்கி! அன்றைக்கே அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை ஆரம்பித்தார்கள். எச்.ஐ.வி. சோதனையும் மறுபடி எடுத்தார்கள். இல்லை என்று வந்தது.

ஆறாம் வகுப்பில் உன்னிடமிருந்து தொற்றிய சின்னம்மைதான் இது, ஞாபகம் இருக்கிறதா? இத்தனை வருஷம் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சில் படுத்துக் கிடந்திருக்கிறது. இந்தக் கணக்கு உன் பேரில்தான்.

இந்த அம்மை வைரஸ் சேர்ந்த ஹெர்பிஸ் குடும்பமே இப்படித்தானே, வந்தால் போகாது. அக்கி வைரஸ், அதன் உறவுக்கார வைரஸ்களான சைட்டோமெகலோ, எப்ஸ்டீன் பார் எல்லாவற்றையும் அடக்கி வைப்பதில் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களுக்குத்தான் பெரிய பங்கு. காசநோய்க் கிருமியைக் கட்டி வைப்பதும் அவையே. உடம்பு மெலிந்து அந்தக் காவல் தளர்ந்தால் தூங்கும் கிருமி எழுந்துவிடும், அது புரிகிறது. எதிர்த்திசையில் என்ன நடக்கிறது என்பதுதான் என்னைக் குடைகிறது. சைட்டோமெகலோ எதிர்ப்பொருள் கூடுதலாக இருப்பவர்களுக்குக் காசநோய் அதிகம் வருவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. வருஷக்கணக்காக அந்த வைரஸோடு மல்லுக்கட்டிய உடம்பு, காசநோய்க் கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுகிறதா?

இன்னொன்று, இதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது. மருந்து வாங்கும் வரிசையில் ஒரு பெரியவர், கையில் சைட்டோமெகலோ ஐஜிஜி பாசிட்டிவ், அதாவது அந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் இருக்கிறது என்ற சீட்டு. "இன்னொரு நோயும் இருக்காம்" என்று கை நடுங்கச் சொன்னார். எப்போதோ தொற்றியதற்கான அடையாளம் அது, பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நான் சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை.

நீ ஆய்வகத்துக்காரன், நீ சொல்லு: காசநோயாளியின் சளியில் இந்த வைரஸின் மரபணு கிடைத்தால், அது சும்மா எட்டிப் பார்க்கிறதா, நுரையீரலைக் கெடுக்கிறதா என்று எதை வைத்துப் பிரிப்பாய்? விவரமாக எழுது.

இரண்டாம் மாசக் கடைசியில் மறுபடி சளி பார்ப்பார்கள். சுத்தமாக வந்ததும் கிளம்பி வா. அதற்குள் கொப்புளமும் காய்ந்திருக்கும். உனக்குத்தான் அம்மை வந்தாயிற்றே.

உன்,
ரவி