அடிப்படைச் சம்பளம் ஒன்றாக இருந்தால் போதுமா? சில்லறை வணிக நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

சில்லறை விற்பனைச் சங்கிலிகளின் நிர்வாகக் குழுக்களுக்கும் மனிதவளத் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

பெண் ஊழியர்களின் சம்பளம் பற்றி யார் கேட்டாலும் உங்களிடமிருந்து வரும் பதில் ஒன்றுதான்: "எங்களிடம் ஒரு பதவிக்கு ஒரே அடிப்படைச் சம்பளம். ஆண், பெண் என்று பார்ப்பதில்லை." பெரும்பாலும் அது உண்மையும்கூட. கடைகளின் சம்பளக் கணக்கையும் பதவி உயர்வுக் கோப்புகளையும் பார்ப்பதே எங்கள் வேலை. அந்த முறையில் சொல்கிறோம்: அடிப்படைச் சம்பளத்தில் வித்தியாசத்தைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். யாரை எந்தப் பிரிவில் நிறுத்துகிறீர்கள், யாருக்கு எத்தனை மணி நேரம் வேலை தருகிறீர்கள், யாருடைய பெயர் அடுத்த பதவிக்கு முதலில் வாயில் வருகிறது என்று பாருங்கள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

டிவி, ஃபிரிட்ஜ், மரச்சாமான் விற்கும் தளத்தில் ஆண்கள். அழகுசாதனம், குழந்தைகள் உடை, பில்லிங் கவுண்டரில் பெண்கள். இப்படி நிறுத்துங்கள் என்று யாரும் சுற்றறிக்கை விடுவதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஃப்ளோர் மேனேஜர் கைகாட்டிய இடம், அவ்வளவுதான். ஆனால் விற்பனைத் தொகையில் இத்தனை சதவீதம் என்று இன்சென்டிவ் கொடுக்கும் கடையில் அந்தக் கைகாட்டல்தான் சம்பளத்தை முடிவு செய்கிறது. இருவருக்கும் அடிப்படை 100 என்று வைத்துக்கொள்வோம். வீட்டு உபயோகப் பொருள் பிரிவில் இன்சென்டிவ் 25, உடைப் பிரிவில் 5. கைக்கு வருவது 125-உம் 105-உம். அதாவது 16 சதவீதம் குறைவு. கவுண்டரில் நிற்பவருக்கோ பல கடைகளில் இன்சென்டிவே கிடையாது. உங்கள் ஆண்டறிக்கையில் மட்டும் ஆண்-பெண் சம்பள இடைவெளி பூஜ்யம் என்று வரும்.

இங்கே ஆலோசனை நிறுவனங்கள் செய்யும் ஒரு வேலையையும் சொல்லியாக வேண்டும். "பிரிவு, பதவி, வேலைநேரம் ஆகியவற்றைச் சமன்படுத்திப் பார்த்தால் இடைவெளி 1 சதவீதம்தான்" என்று அறிக்கை தருவார்கள். அதாவது ஒரே பிரிவில், ஒரே பதவியில், ஒரே நேரம் வேலை செய்பவர்களை மட்டும் ஒப்பிடுவார்கள். கணக்கு சரிதான். ஆனால் பாகுபாடு நுழைந்ததே பிரிவு வழியாகவும் பதவி வழியாகவும் என்றால், அவற்றைச் சமன்படுத்தியதும் தேட வந்தது மறைந்துபோகும். சமன்படுத்தாத எண், சமன்படுத்திய எண் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான் விசாரிக்க வேண்டும்.

அடுத்தது வேலைநேரம். ஒப்பந்தத்தில் வாரத்துக்கு 24 மணி நேரம் இருக்கும். கூடுதல் ஷிஃப்ட் கிடைத்தால் 36, 40 வரை போகும். அந்தக் கூடுதல் ஷிஃப்டை யாருக்குத் தருவது என்பதைப் பெரும்பாலும் முந்தைய நாள் மாலை, தொலைபேசியில், முதலில் எடுத்தவருக்கு என்றுதான் முடிவு செய்கிறார்கள். வீட்டில் குழந்தையையோ முதியவரையோ பார்த்துக்கொள்பவரால் அவ்வளவு குறுகிய நேரத்தில் சரி என்று சொல்ல முடியாது. இரண்டு முறை முடியாது என்றவரை மூன்றாவது முறை அழைப்பதே இல்லை. பிறகு "அவங்களுக்கு எக்ஸ்ட்ரா ஷிஃப்ட் வேண்டாமாம்" என்று அது நிலைத்துவிடும். ஷிஃப்ட் பட்டியலை இரண்டு வாரம் முன்னதாக ஒட்டுங்கள். கூடுதல் நேரத்தை யாரிடம் கேட்டீர்கள், யார் மறுத்தார்கள் என்று எழுதி வையுங்கள். கேட்கவே படாதவர்கள் எத்தனை பேர் என்று அப்போதுதான் தெரியும்.

சேரும்போது "முந்தைய இடத்தில் எவ்வளவு?" என்று கேட்பதை நிறுத்துங்கள். 100-க்குச் சேர்ந்தவரும் 110-க்குச் சேர்ந்தவரும் ஆண்டுக்கு 5 சதவீத இன்க்ரிமென்ட் பெற்றால், பத்து ஆண்டு கழித்து 162.9-உம் 179.2-உம் வாங்குவார்கள், 10 ஆக இருந்த வித்தியாசம் 16.3 ஆகியிருக்கும். நடுவில் யாரும் எந்தத் தப்பும் செய்திருக்க மாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டுச் சம்பள வெளிப்படைத்தன்மை நெறிமுறை இந்தக் கேள்வியையே தடை செய்கிறது.

கடைத்தளத்துக்கும் கிடங்குக்கும் உள்ள சம்பள வித்தியாசம் தனி விஷயம். சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்பது 1951-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100-ஆவது உடன்படிக்கையிலேயே வந்துவிட்டது. ஒரே வேலை என்றல்ல, சம மதிப்புள்ள வேலை என்று. பிரிட்டனில் உடை விற்கும் நெக்ஸ்ட் நிறுவனத்தின் கடை ஊழியர்கள் 3,500-க்கும் மேற்பட்டோர் இதை வைத்துத்தான் 2024 ஆகஸ்டில் தீர்ப்பாயத்தில் வென்றார்கள். கடையில் பெரும்பாலோர் பெண்கள். கிடங்கில் ஆண்கள் பாதிக்குச் சற்று மேல். கிடங்கு வேலைக்குச் சந்தை விலை அதிகம் என்ற நிறுவனத்தின் வாதம் எடுபடவில்லை.

இரண்டு வேலைகளை ஒப்பிட நான்கு அளவுகோல்கள் வழக்கத்தில் உள்ளன: திறன், உழைப்பு, பொறுப்பு, பணிச்சூழல். கோளாறு மதிப்பெண் போடும் இடத்தில் வருகிறது. 20 கிலோ பெட்டியைத் தூக்கினால் உழைப்புக்குப் புள்ளி உண்டு. கவுண்டரில் மணிக்கு 400 பொருள், சராசரி அரை கிலோ என்றாலே 200 கிலோ. ஆறு மணி நேரத்தில் 1,200 கிலோ ஒருவர் கை வழியாகப் போகிறது. எடை ஒரே தூக்கில் வராததால் புள்ளி இல்லை. பணப்பெட்டிப் பொறுப்பு, கத்துகிற வாடிக்கையாளரைச் சமாளிப்பது, நாள் முழுக்க நின்றபடி முகம் சுளிக்காமல் இருப்பது ஆகியவற்றுக்குப் படிவத்தில் கட்டமே இருக்காது. படிவத்தைத் தயாரிக்கும் குழுவில் கவுண்டரில் வேலை செய்பவர்கள் இருவரையாவது உட்கார வையுங்கள்.

இனி பதவி உயர்வு. இதில்தான் உங்களுடன் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

ஆலன் பென்சன், டேனியெல் லீ, கெல்லி ஷூ என்ற மூன்று ஆய்வாளர்கள் வட அமெரிக்காவின் ஒரு பெரிய சில்லறை விற்பனைச் சங்கிலியின் சுமார் 30,000 ஊழியர்களின் மதிப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு மதிப்பெண்: இந்த ஆண்டு எப்படி வேலை செய்தார், இனி எவ்வளவு தூரம் போகக்கூடியவர். முதலாவதில் பெண்கள் ஆண்களைவிட அதிகம் வாங்கினார்கள். இரண்டாவதில் குறைவு. பதவி உயர்வு இடைவெளியில் ஏறக்குறைய 30 முதல் 50 சதவீதம் வரை இந்த இரண்டாவது மதிப்பெண்ணால் வந்தது. அதோடு நிற்கவில்லை. அதே 'எதிர்கால' மதிப்பெண் வாங்கிய ஆணையும் பெண்ணையும் அடுத்த ஆண்டு பார்த்தால், பெண்ணின் வேலை மேலாக இருந்தது. அதற்குப் பிறகும் எதிர்கால மதிப்பெண் ஏறவில்லை.

வேலையை அளக்கச் சான்று உண்டு: விற்பனை, ஸ்டாக் இழப்பு, வருகைப் பதிவு. "எவ்வளவு தூரம் போவார்" என்பதற்கு மேனேஜரின் மனதில் இருக்கும் உருவம்தான் சான்று. அந்த உருவம் பெரும்பாலும் அவரைப் போலவே இருக்கும். எங்களைக் கேட்டால் அந்தக் கட்டத்தையே படிவத்திலிருந்து எடுத்துவிடலாம். வைத்தே ஆக வேண்டுமென்றால், ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எதிரே ஒரு நிகழ்வை எழுதச் சொல்லுங்கள்: எந்த நாள், என்ன செய்தார். எழுத முடியாவிட்டால் மதிப்பெண் இல்லை.

ஸ்டோர் மேனேஜர்கள் எந்தப் பிரிவிலிருந்து வந்தார்கள் என்று உங்கள் பட்டியலில் பாருங்கள். ஸ்டாக், சரக்கு வரவு, இரவில் அலமாரி நிரப்பும் பணி ஆகியவற்றிலிருந்துதான் ஏணி தொடங்குகிறது. பில்லிங் சூப்பர்வைசர் பதவிக்கு மேல் படியே இல்லை என்ற நிலை பல சங்கிலிகளில் உண்டு. கடையைப் பூட்டும் சாவி யாரிடம், மேனேஜர் விடுப்பில் போனால் பொறுப்பு யாருக்கு, கடையின் வரவு செலவுத் தாளை யாருக்குக் காட்டுகிறீர்கள்? நேர்காணலில் "அனுபவம்" என்று நீங்கள் தேடுவது இந்தச் சின்ன வாய்ப்புகளின் கூட்டுத்தொகையைத்தான். எனவே தற்காலிகப் பொறுப்பையும் அறிவிப்புப் பலகையில் போட்டு விண்ணப்பம் வாங்குங்கள். எந்த ஊருக்கும் மாற்றலாகத் தயாராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பதவிக்கு உண்மையிலேயே தேவையா என்றும் பாருங்கள். பல இடங்களில் அந்த மாற்றல் நடப்பதே இல்லை. நிபந்தனை மட்டும் விண்ணப்பத்தைத் தடுத்துக்கொண்டிருக்கிறது.

"பெண்கள் விண்ணப்பிப்பதே இல்லை" என்பீர்கள். தகுதியுள்ளவர்கள், விண்ணப்பித்தவர்கள், நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்கள், தேர்வானவர்கள் என நான்கு எண்களைத் தனித்தனியாக எடுங்கள். எந்தப் படியில் எண்ணிக்கை சரிகிறதோ அங்கேதான் மருந்து போட வேண்டும். விண்ணப்பமே வராத கடையில் தேர்வுக் குழுவுக்குப் பயிற்சி நடத்திப் பயன் இல்லை.

உங்கள் சட்டத் துறை வால்மார்ட் வழக்கை நினைவூட்டக்கூடும். 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சுமார் 15 லட்சம் பெண்கள் சார்பில் வந்ததை ஒரே கூட்டு வழக்காக நடத்த அனுமதிக்கவில்லை. சம்பளத்தையும் பதவி உயர்வையும் அந்தந்தக் கடை மேலாளர்கள் தம் விருப்பப்படி முடிவு செய்தார்கள், எல்லோருக்கும் பொதுவான கேள்வி இல்லை என்பது காரணம். பாகுபாடே நடக்கவில்லை என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. மேலாளரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டதைப் பாதுகாப்பு என்று நினைத்தால், கோளாறு எங்கே இருக்கிறதோ அதற்கே பூட்டுப் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கணக்கெடுக்கும் முறை கடினமானதல்ல. கடந்த 12 மாதச் சம்பளப் பதிவை, ஒருவருக்கு ஒரு வரி என்று எடுங்கள். சேர்ந்த தேதி, சேர்ந்தபோது சம்பளம், பிரிவு, ஒப்பந்த நேரம், உண்மையில் வேலை செய்த நேரம், அடிப்படை, இன்சென்டிவ், ஓவர்டைம், படிகள், கடைசிப் பதவி உயர்வுத் தேதி, வேலை மதிப்பெண், எதிர்கால மதிப்பெண், விடுப்பு ஆகியவை வேண்டும். மொத்த வருமானத்தை வேலை செய்த மணிநேரத்தால் வகுத்து, ஆண், பெண் இரு தரப்புக்கும் சராசரியோடு நடுமதிப்பையும் (வரிசைப்படுத்தினால் சரிநடுவில் வரும் எண்) பாருங்கள். ஐந்தாறு பெரிய சம்பளக்காரர்கள் சராசரியை இழுத்துவிடுவார்கள். ஒரு கடையில் ஒரு பதவிக்கு நாலைந்து பேர்தான் என்றால் பல கடைகளைச் சேர்த்துக் கணக்கிடுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் வேலையை விட்டாலே எண் தலைகீழாகும். மகப்பேறு விடுப்பில் இருந்தவர்களின் வரியைத் தனியாக எடுத்துப் பாருங்கள். ஆறு மாதம் வேலை செய்தவருக்கு முழு ஆண்டு இலக்கு வைத்து இன்சென்டிவ் வெட்டியிருப்பார்கள். மென்பொருளில் இலக்கைத் தானாகக் குறைக்கும் வசதி இருந்தும் யாரும் இயக்கியிருக்க மாட்டார்கள்.

இடைவெளி தெரிந்தால் குறைவாக வாங்குபவரை உயர்த்துங்கள். அதிகம் வாங்குபவரைக் குறைத்துச் சமன் செய்தால் ஊழியர்கள் ஒருவருக்கொருவர் எதிரிகளாவதுதான் மிச்சம். எல்லோருக்கும் ஒரே சதவீதம் ஏற்றினாலும் இடைவெளி அப்படியே இருக்கும்.

இந்தக் கணக்கை அடுத்த மதிப்பீட்டுப் படிவங்கள் கடைகளுக்குப் போவதற்கு முன்பே முடித்து, முடிவை ஊழியர் பிரதிநிதிகளிடம் கொடுங்கள். மதிப்பெண் பதிவாகிவிட்டால் இன்க்ரிமென்டும் அதோடு பூட்டிக்கொள்ளும். திருத்துவதற்கு இன்னொரு ஆண்டு காத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சில்லறை விற்பனைத் துறையில் சம்பளம், பணி மதிப்பீடு தொடர்பான வேலைகளில் உள்ளவர்கள்