டயர் பில்லில் தயாரிப்பு வாரத்தையும் எழுத வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேங்காய் விலை, கொப்பரை விலை எல்லாம் நாளிதழில் தவறாமல் வருகிறது. அந்தத் தேங்காயை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியின் டயரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு முத்தூர் பக்கம் தென்னந்தோப்பு. காங்கேயத்தில் கொப்பரை காயவைக்கும் களங்களுக்குக் காய் கொண்டுபோக சொந்தமாக ஒரு பிக்கப் வைத்திருக்கிறேன். தோட்டத்திலிருந்து தார் ரோட்டுக்கு வர இட்டேரி என்கிற வேலியோர மண்பாதைதான் வழி. டிராக்டர் ஓடி ஓடி அதில் ஆழமாகத் தடம் விழுந்து கிடக்கிறது. பிக்கப் அதில் இறங்கினால் டயரின் பக்கம் கரையில் உரசிக்கொண்டேதான் போகும். கரை முழுக்க வெங்கச்சங்கல், கத்தி முனை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் வெள்வேல முள். முள் ஒடிந்து, டயரில் தரையில் படும் கட்டையான பட்டனுக்குள் நின்றுவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, நாள் போகப்போக உள்ளே ஏறித்தான் காற்று இறங்கும். எங்கள் பக்கம் பட்டன் தேய்ந்து கழற்றும் டயரைவிடப் பக்கம் கிழிந்து கழற்றும் டயர்தான் அதிகம். ‘இது இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்ங்க’ என்று கடையில் சொல்வது தார் ரோட்டுக் கணக்கு. இட்டேரிக்கு அது பொருந்தாது.

ரேடியல் டயரில் பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டை இருக்கும். ரோட்டில் சூடாவது குறைவு, தேய்வதும் மெதுவாக, டீசலும் மிச்சம். ஆனால் பக்கம் மெலிசு. அங்கே வெட்டு விழுந்தால் ஒட்டி ஓட்டக் கூடாது, டயரை மாற்றத்தான் வேண்டும். நைலான் டயரில் துணி அடுக்குகள் குறுக்கும் மறுக்குமாகப் பக்கம் வரைக்கும் வருவதால் கல்லடி தாங்கும். தினமும் ஒட்டன்சத்திரம், கோவை என்று மார்க்கெட்டுக்கு ஓடுகிறவர்கள் ரேடியல் போடட்டும். காட்டுக்குள்ளேயே பாதி நேரம் கிடக்கும் வண்டிக்கு நைலான்தான் சரி என்பது என் முடிவு. ஒரே அச்சில் ஒரு பக்கம் நைலான், மறு பக்கம் ரேடியல் என்று மட்டும் யாரும் மாட்ட வேண்டாம்.

டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது அதன் மேலேயே இருக்கிறது. சைஸுக்குப் பக்கத்தில் 112/110 என்கிற மாதிரி பாரக் குறியீட்டு எண் இருக்கும். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். 108 என்றால் 1,000 கிலோ. சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண் இரட்டைச் சக்கரம் மாட்டும் வண்டிக்கு. இதை நாலால் பெருக்கிப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. காய் ஏற்றினால் பாரத்தில் பெரும்பங்கு பின் டயர் இரண்டின் மேல்தான் விழும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23வது வாரம் செய்தது. 2025 தை மாதம் நான் டயர் வாங்கப் போன கடையில் ‘புது டயர்’ என்று உருட்டிக்கொண்டு வந்ததில் இந்த எண்தான் இருந்தது. செய்து மூன்றரை வருஷம் ஆகிவிட்டது. கேட்டால், ‘ஸ்டாக் இதுதான்ங்க, ஓடாத டயருக்கு என்ன வயசு?’ என்கிறார்கள். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகும், வெயில் படும் இடத்தில் கிடந்தால் இன்னும் சீக்கிரம். நான் வேண்டாம் என்று வந்துவிட்டேன். என் மச்சான் வேறொரு கடையில் எண்ணைப் பார்க்காமல் வாங்கினார். அந்தக் கோடை முடிவதற்குள் டயரின் பக்கமெல்லாம் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. சண்டை போடவும் வழியில்லை. பில்லில் சைஸும் விலையும் மட்டும்தான் இருந்தன.

இந்த எண் சில டயர்களில் ஒரு பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போகிற மாதிரி மாட்டிவிட்டால் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் படிக்க வேண்டும். ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

காற்று விஷயத்தில் இன்னொன்று. வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வை என்று பலரும் சொல்வார்கள். அது தப்பு. காற்று குறைந்தால் டயரின் பக்கம் அதிகமாக மடங்கி மடங்கி நிமிரும், சூடு ஏறும், பாரத்தோடு போகும்போது வெடிக்கும். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது, கம்பெனி சொன்ன அளவு இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் டயருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் ஆகிவிட்டது. எங்கள் பிக்கப் டயருக்கு 28லிருந்து 18 ஆனது. வரி குறைந்தது சந்தோஷம்தான். அதைவிட எங்களுக்கு அவசரமாக வேண்டியது, டயர் பில்லில் அந்த நாலு இலக்கமும் பாரக் குறியீட்டு எண்ணும் எழுதப்பட வேண்டும் என்ற கட்டாயம். கடைக்காரருக்கு இதில் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. அரசு இதைச் செய்ய வேண்டும். அதுவரைக்கும் டயர் வாங்கும் விவசாயிகள் தாங்களே கேட்டு எழுதி வாங்குங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

உங்கள் விவசாயப் பக்கத்தில் டயர் படம் ஒன்றைப் பெரிதாகப் போட்டு, எந்த எண் எங்கே இருக்கிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டினால், வெட்டி எடுத்து வண்டியிலேயே வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
தென்னை விவசாயி,
முத்தூர், திருப்பூர் மாவட்டம்.