கேரம் பலகைக்கு முன் ஒரு முக்காலி

கோயம்புத்தூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உன் முழங்கால் வலி குறைந்திருப்பதையும் பேத்தி பள்ளிக்குப் போகத் தொடங்கியிருப்பதையும் அறிந்து மகிழ்ந்தேன். இங்கே என் மனைவிக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது.

ஜவுளிக்கடையில் மாதம் இரண்டு மூன்று பேர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள் என்றும், அதைத் தடுக்க உன் மகன் சனிக்கிழமைதோறும் கடை அடைத்தபின் கேரம் போட்டியும் பாட்டுப் போட்டியும் நடத்தப்போகிறான் என்றும் எழுதியிருந்தாய். வேலை செய்யும் இடம் மகிழ்ச்சியாக இருக்கத்தான் வேண்டுமா, அது முதலாளியின் பொறுப்பா என்றும் கேட்டிருந்தாய். பம்புசெட் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் கழித்தவன் இதற்கு யோசிக்காமல் பதில் எழுதக் கூடாது என்பதால்தான் தாமதம்.

மகிழ்ச்சியாக இருக்கத்தான் வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் கழிகிற இடத்தில் ஒருவர் மனம் கசந்தே கிடக்க வேண்டும் என்று எந்த நியாயமும் சொல்லாது. ஆனால் அந்த மகிழ்ச்சியை நிர்வாகம் சமைத்துப் பரிமாற முடியாது என்பதை இரண்டு மேலாளர்களின் காலத்தில் கண்ணால் கண்டேன்.

முதலாமவர், லேத் அருகே இருவர் நின்று சிரித்தால் மெமோ கொடுப்பார். எங்கள் தொழிற்சாலையில் விளையாட்டு விழா தொடங்கியதும் அவர் காலத்தில்தான். வராதவர்களுக்கு அரை நாள் சம்பளம் பிடிக்கப்படும் என்று அறிவித்திருந்ததால், ஐம்பது வயதைக் கடந்தவர்கள்கூடச் சாக்குக்குள் காலை விட்டுக்கொண்டு ஓடினார்கள்; அவர்கள் முகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அதே நாட்களில், ஓட்டை விழுந்த காஸ்டிங்குகளை, அதாவது வார்த்தெடுத்த உலோகப் பாகங்களை, ஆட்கள் மணலுக்கடியில் புதைத்துவைத்தார்கள். வெளியே சொன்னால் யார் செய்தது என்ற விசாரணை வருமே தவிர, ஏன் நேர்ந்தது என்று கேட்பார் இல்லை. போர்மேனாக இருந்த நானும் அதைக் கண்டும் காணாமல் இருந்தேன் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அடுத்து வந்தவர் எந்த விழாவும் புதிதாக நடத்தவில்லை. முதல் நாளே காலை ஆறு மணி ஷிப்டுக்கு வந்து, எந்த மெஷின் அதிகம் தொல்லை தருகிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொண்டார். எழுதியதில் பாதியையாவது மூன்று மாதத்துக்குள் சரிசெய்தும் கொடுத்தார். மதியம் கேண்டீனில் எங்களோடு வரிசையில் நின்று தட்டு எடுத்தார். ஆயுத பூஜை இரண்டு பேர் காலத்திலும் நடந்தது. பொரியும் சுண்டலும் அதேதான். முன்பெல்லாம் பொட்டலத்தை வாங்கிய கையோடு அரை மணி நேரத்தில் கலைந்துபோனவர்கள், இவர் காலத்தில் பொழுது சாயும்வரை தத்தம் மெஷினைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை கட்டிக்கொண்டு, பிள்ளைகளையும் அழைத்துவந்து காட்டினார்கள்.

கலிபோர்னியாவின் பிரீமான்ட் நகரில் நடந்தது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார் தொழிற்சாலை, வேலைக்கு வராதவர்கள் 20 சதவீதத்துக்கும் மேல் என்ற நிலையில் சீரழிந்து, 1982-ல் மூடப்பட்டது. டொயோட்டாவோடு கூட்டாக நும்மி என்ற பெயரில் 1984-ல் அதைத் திறந்தபோது, பெரும்பாலும் அதே பழைய தொழிலாளர்களையே வேலைக்கு எடுத்தார்கள். வராதவர்கள் ஏறக்குறைய 2 சதவீதமாகக் குறைந்தார்கள். வேலை ஒன்றும் இலகுவாகிவிடவில்லை. நொடிக்கணக்குப் பார்த்து வகுத்த கடுமையான வேலை அது. ஆனால் அதிகாரிகளுக்கெனத் தனிச் சாப்பாட்டு அறை இருக்கவில்லை. குறை கண்ட எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேலே தொங்கிய கயிற்றை இழுத்து உதவி கேட்க முடிந்தது. தேவையானால் உற்பத்தி வரிசையே நின்றது. முன்பு வரிசையை நிறுத்துவதே பெருங்குற்றமாக இருந்த இடம் அது. விற்பனை சரிந்த 1988-ல்கூட ஆட்களை வெளியே அனுப்பாமல் பயிற்சி கொடுத்து வைத்திருந்தார்கள். எங்கள் மணலுக்கடியில் கிடந்த காஸ்டிங்குகளை நினைத்தால், அந்தக் கயிறு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிகிறது.

உன் மகன் கடையில் அந்தக் கயிறுக்கு இணையானது எது என்று யோசித்தேன். முக்காலி என்றே தோன்றுகிறது. விற்பனைப் பணியாளர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்துவிட்டது; கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் தொடங்கிய போராட்டத்தின் பலனாக 2018-லேயே வந்தது. போன தீபாவளிக்குத் துணி எடுக்க உன் கடைக்கு வந்தபோது, சேலைப் பிரிவில் ஒரு பெண் கால் மாற்றி மாற்றி நின்றதைப் பார்த்தேன். உட்கார அங்கே ஒன்றும் கண்ணில் படவில்லை. பத்து மணி நேரம் நின்ற கால்களோடு, இரவு ஒன்பதரைக்குக் கடை அடைத்தபின் கேரம் ஆட யாருக்கு மனம் வரும்? கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் போட்டி முடிகிறவரை உள்ளுக்குள் தவித்துக்கொண்டுதான் இருப்பார்கள். வாடிக்கையாளர் எதிரில் ஊழியரைத் திட்டும் வழக்கம் மேற்பார்வையாளர்களுக்கு உண்டா என்றும் அவன் விசாரிக்கட்டும். நின்றுபோனவர்களில் நான்கைந்து பேரையாவது நேரில் பார்த்துக் காரணம் கேட்டால், என் யூகங்களைவிட அது அவனுக்கு அதிகம் உதவும்.

கேரம் பலகை வாங்கியிருந்தால் வீணாக்க வேண்டாம். சாப்பிடும் அறையில் போட்டுவைக்கட்டும், விருப்பமிருப்பவர்கள் ஆடட்டும். இந்தக் கடிதத்தை அவனிடமே படிக்கக் கொடு. கோபித்துக்கொள்ள மாட்டான், சின்ன வயதிலிருந்தே நான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பவன். தை பிறந்ததும் மதுரைக்கு வருகிறேன். அதற்குள் முக்காலி வந்ததா என்று ஒரு வரி எழுது.

உன் அன்பு நண்பன்