ஒரே ஒரு பிணைப்பு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மகளுக்குத் தேர்வு முடியட்டும் என்று பதிலைத் தள்ளிப்போட்டேன். முடிந்துவிட்டது, இப்போது அவள் தூங்கித் தீர்க்கிறாள்.

அப்பா தேறிவிட்டார் என்று படித்த பிறகுதான் நிம்மதி. "நிமோகாக்கஸ் ஒரு தடவை வந்து போய்விட்டதே, இனித் தடுப்பூசி எதற்கு?" என்கிறாராமே. நியாயமான கேள்விதான். ஆனால் நிமோனியா தரும் அந்தக் கிருமி ஒரே வகை இல்லையப்பா. மேலே போர்த்தியிருக்கும் சர்க்கரை உறையை வைத்துப் பிரித்தால் 100 வகைக்கு மேல். நம் உடம்பின் ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்கும் புரதம், பெரும்பாலும் அந்த உறையைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் பிடிக்கிறது.

எங்கள் ஆய்வகத்தில் வகை பார்ப்பது இன்றும் பழைய முறையில்தான். ஸ்லைடில் கிருமி ஒரு துளி, ஒரு வகைக்கான ஆன்டிபாடி உள்ள சீரம் ஒரு துளி. பொருந்தினால் மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொரு கிருமியைச் சுற்றியும் உறை உப்பியதுபோல வளையம் தெளிந்து வரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. 19ஆம் குழுவுக்கான பொதுச் சீரத்தை விட்டால் அந்தக் குழுவின் 19எஃப், 19ஏ வகை இரண்டுமே உப்பும். பார்க்கிறவன் இரண்டும் ஒன்றென்று சத்தியமே செய்வான்.

2000-இல் அமெரிக்காவில் வந்த ஏழு வகைத் தடுப்பூசியில் 6பி, 19எஃப் இருந்தன. 6ஏ, 19ஏ இல்லை. ஒரே குழுவின் பங்காளிதானே, அவனையும் சேர்த்துத் தடுத்துவிடும் என்று நம்பினார்கள். 6ஏ விஷயத்தில் அது பலித்தது. 19ஏ குறையாதது மட்டுமில்லை, ஏறவும் செய்தது. 2010-இல் வந்த 13 வகை ஊசியில் அதையும் சேர்த்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு ஜோடியிலும் வித்தியாசம் சர்க்கரைச் சங்கிலியில் ஒரே ஒரு பிணைப்புதான்! 19எஃப் ஊசி தரும் ஆன்டிபாடி 19ஏ மேலும் போய் ஒட்டத்தான் செய்கிறது. ஆனால் வெள்ளணு வந்து விழுங்கும்படி செய்வதில் கோட்டை விட்டுவிடுகிறது.

தலைகீழ்க் கதையும் உண்டு. நியூசிலாந்தில் 2004-இல் மூளை உறைக் காய்ச்சல் தரும் மெனிங்கோகாக்கஸ் கிருமியின் பி வகைக்கு எதிராகப் போடத் தொடங்கிய ஊசி, கொனோரியா என்ற பால்வினை நோயையும் ஏறத்தாழ 31 சதவீதம் தடுத்திருக்கிறது என்று 2017-இல் கணக்கிட்டார்கள். நோய்கள் வேறு, கிருமிகள் வேறு. ஆனால் அந்த ஊசி உடம்புக்குக் காட்டியது சர்க்கரை உறையை அல்ல, வெளிச்சவ்வுப் புரதங்களை. அவற்றில் பல இரண்டு கிருமிக்கும் பொது.

சரி, அப்பாவிடம் வந்து போனது ஒரு வகைதான் என்று சொல். ஊசி எப்போது என்று மருத்துவரைக் கேட்டுக்கொள். அப்புறம், உன் முழங்கால் வலி என்ன ஆச்சு? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்