லோமன் வீட்டுக்குச் சுவர் கட்டாதீர்கள்

‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நாடகத்தை மறுபடி மேடையேற்றும் அமெரிக்க நாடகக் குழுக்களின் இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும், மேடைக்குப் பின்னால் வேலை பார்ப்பவர்கள் எழுதுவது.

வில்லி லோமன் என்ற வயதான விற்பனையாளரின் வீட்டில் நடக்கும், ஆர்தர் மில்லரின் இந்த நாடகம் என்றாலே முதல் பணம் செட்டுக்குப் போகிறது. நிஜச் சுவர், நிஜக் கதவு, போதாக்குறைக்கு வீடியோத் திரை. 1949இல் நியூயார்க்கின் மொராஸ்கோ அரங்கில் இது முதலில் வந்தபோது, செட் வடிவமைத்த ஜோ மீல்சினர் வீட்டின் எலும்புக்கூட்டை மட்டும் நிறுத்தினார். காசில்லாமல் அல்ல. நிகழ்காலக் காட்சியில் நடிகர்கள் இல்லாத சுவரை மதித்து வாசல் வழியாக வரவேண்டும். வில்லியின் நினைவில் ஓடும் காட்சியில் அதே சுவருக்குள் புகுந்து முன்மேடைக்கு வரவேண்டும். காலம் மாறியதைப் பார்வையாளருக்குச் சொல்வது அந்தக் கால்கள்தான். முதல் ஒத்திகையிலேயே தரையில் டேப் ஒட்டிவிடுங்கள். நிகழ்காலத்தில் ஒருவர் அவசரத்தில் ஒரே ஒரு முறை கோட்டை மிதித்தாலும் அப்புறம் எந்தத் தாண்டலுக்கும் அர்த்தமில்லை.

இதில் சிக்கலான இடம் சீட்டாட்டம். எதிரே பக்கத்து வீட்டுக்காரர் சார்லி, பக்கத்தில் வில்லியின் நினைவில் மட்டும் வரும் இறந்துபோன அண்ணன் பென். வில்லி இருவரிடமும் பேசுகிறார். சார்லியின் கண்ணுக்கு பென் தெரியமாட்டார். சார்லியாக நடிப்பவரின் கண் ஒரு நொடி பென் பக்கம் போனால் காட்சி அங்கேயே படுத்துவிடும். சீட்டையே பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கட்டில். மாடியில் படுத்த வில்லியின் மகன்கள் பிஃப்பும் ஹாப்பியும் சற்று நேரத்தில் கீழே சிறுவர்களாக வரவேண்டும். எலியா கசான் இயக்கிய முதல் மேடையேற்றத்தில் இதற்கென்றே கட்டிலுக்கடியில் லிஃப்ட் இருந்தது. உங்களிடம் இல்லையென்றால் பின்பக்கம் ஏணி போதும். ஆனால் சிறுவன் பிஃப்பின் ‘எஸ்’ எழுத்துப் போட்ட ஸ்வெட்டரை பைஜாமாவுக்கு உள்ளேயே போட்டிருக்கவேண்டும். வில்லி பால் எடுத்துக்கொண்டு தனியாகப் பேசும் நேரம்தான் உங்கள் கையில் இருப்பது. ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்துவிட்டு, அதற்குப் பிறகு ஏணியின் இடத்தை முடிவு செய்யுங்கள். அந்தப் பேச்சில் கத்தரி போட்டால் பையன்கள் பாதி ஏணியில் நிற்பார்கள்.

வில்லி தூக்கி வரும் சாம்பிள் பெட்டிகள் இரண்டிலும் நிஜமாகவே கனம் வையுங்கள். காலிப் பெட்டியைத் தூக்கும் தோள் பொய் சொல்லத் தெரியாதது. கீழே வைக்கும் சத்தமும் அப்படித்தான். வில்லியின் முதலாளி ஹவர்டின் ஒயர் ரெக்கார்டரில் (கம்பியில் ஒலியைப் பதியும் பழைய கருவி) கேட்கும் குழந்தையின் குரல் அரங்க ஒலிபெருக்கியில் வரக்கூடாது. கருவிக்குள்ளேயே சின்ன ஸ்பீக்கர் ஒன்றை ஒளித்து வையுங்கள். வில்லியின் கை தவறிப் பட்டு அது ஓட, அவர் பதறும்போது, சத்தம் மேஜையிலிருந்து வந்தால்தான் பயம் வரும். வில்லி தற்கொலைக்காக ஒளித்து வைத்திருக்கும் ரப்பர் குழாய்க்கு ஒரு மாற்றுத் துண்டும் கைவசம் இருக்கட்டும்.

2012இல் இயக்குநர் மைக் நிக்கல்ஸ் மீல்சினரின் அதே வடிவமைப்பையும் முதல் மேடையேற்றத்துக்கு அலெக்ஸ் நார்த் அமைத்த இசையையும் திரும்ப எடுத்தார். சிறந்த மறுமேடையேற்றத்துக்கான டோனி விருது வந்தது. நீங்களும் அதையே நகலெடுக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. சுவருக்கு ஒதுக்கிய பணத்தில் தொழில்நுட்ப ஒத்திகைக்கு இன்னும் இரண்டு நாள் கொடுங்கள். அதில் ஒரு நாள் முழுக்கக் கட்டிலுக்கே போய்விடும்.