கடலும் வானமும் சுவரேறக் கைகொடுத்தவர்களுக்கு

என் ஓவியக் கண்காட்சி முடிந்து படங்களை எல்லாம் கழற்றியாயிற்று. வந்தவர்கள் அத்தனை பேரும் என்னைத்தான் பாராட்டிவிட்டுப் போனீர்கள். அதில் பாதி வேறு ஆட்களுக்குப் போய்ச் சேர வேண்டியது, அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி விளக்கு போட்டவருக்கு. என் படங்களில் படகு, மரம், ஆள் எதுவும் கிடையாது. கீழே கொஞ்சம் நிலம், அதற்கு மேல் கடல், அப்புறம் வானம், அதுவும் எது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி. ஒரு சாம்பல் நிறத்துக்கும் பக்கத்தில் இருக்கிற இன்னொரு சாம்பலுக்கும் உள்ள துளி வித்தியாசத்தில்தான் மொத்தப் படமும் நிற்கிறது. கூடத்தில் ஏற்கெனவே இருந்தவை 2700 கெல்வின் மஞ்சள் விளக்குகள் (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் கூடினால் மஞ்சள் குறையும்), அந்த வெளிச்சத்தில் நீலம் ஓடிய சாம்பல் எல்லாம் ஒரே சேற்று நிறமாகத் தெரிந்தது. மனிதர் ஒன்றும் பேசவில்லை, எல்லாவற்றையும் மாற்றி 4000 கெல்வினில், நிறங்களைச் சரியாகக் காட்டுகிற தரமான பல்புகளைப் போட்டு, எண்ணெய்ப் பளபளப்பு கண்ணில் அடிக்காமல் சுமார் 30 டிகிரி சாய்வில் மேலிருந்து வெளிச்சத்தை இறக்கினார். வரைந்த எனக்கே அப்போதுதான் இரண்டு படங்களில் கடல் தெரிந்தது!

அடுத்து, என்னோடு ஓவியக்கூடத்தைப் பகிர்ந்துகொள்ளும் தோழி. தொடுவானத்தைப் பற்றி நாங்கள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. கரையில் நிற்கிறவரின் கண்ணுக்குத் தொடுவானம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது, அதனால் தெளிவான நாளில் கோடு கத்தியால் கீறியது போலத் தெரியும், அதை ஏன் மழுப்ப வேண்டும் என்பது என் கட்சி. ஈரம் ஏறிய நாளில் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். காற்று நீலத்தைத்தான் அதிகமாகச் சிதறடிக்கும், ஆனால் மூடுபனியின் நீர்த்துளிகள் எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே மாதிரி சிதறடிப்பதால் வெளுத்துப்போகும், கோடு காணாமல் போகும். பேச்சு வளர்ந்து, 1821-22ல் ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் வரைந்த மேகப் படங்களை எடுத்துக் காட்டினாள். பலவற்றின் பின்னால் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் எழுதி வைத்திருக்கிறார் மனிதர். நானும் இப்போது கேன்வாஸின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், எந்தப் படத்தில் கோடு இருக்கலாம் என்பதைப் பாதி நேரம் அந்தக் குறிப்புதான் முடிவு செய்கிறது. தோழி, இதைப் படித்துவிட்டு ரொம்பத் துள்ளாதே.

பிரேம் செய்த தச்சருக்கு வணக்கம். வழக்கமான பிரேம் படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடும். இவர் கேன்வாஸைச் சுற்றி விரல் நுழைகிற இடைவெளி விட்டுச் செய்தார், அதனால் வானம் கடைசி நூல் வரைக்கும் ஓடுகிறது. பெரிய படங்கள் தொய்யாமல் இருக்கக் குறுக்குச் சட்டம் வைத்ததும் அவர் யோசனைதான். வண்டியில் ஏற்றி இறக்கியவர்கள், ஆணி அடித்தவர்கள், படம்பிடித்தவர், எல்லோருக்கும் நன்றி.

பார்க்க வந்தவர்களில் "இது முடிந்த படமா?" என்று கேட்டவர்கள் நிறையப் பேர். கோபமே இல்லை. இன்னொரு ஆங்கில ஓவியரான டர்னர் 1845 வாக்கில் வரைந்த நோர்ஹாம் கோட்டைச் சூரியோதயம் அவர் வாழ்நாளில் காட்சிக்கே வைக்கப்படாத, முடிக்காத படம், இன்றைக்கு அதன் முன்னால் நிற்கிறவர்களுக்கு அது ஒரு குறையாகத் தெரிவதில்லை. ஆனால் நான் அதிகம் ரசித்தது, கப்பலில் வேலை பார்த்த ஒரு பெரியவர் சாம்பல் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது அரை மணியில் மழை பிடிக்கும்" என்று சொன்னதைத்தான். ஐயா, அதைவிட நல்ல விமர்சனம் எனக்கு வரப்போவதில்லை.

கடைசியாக, படம் வாங்கியவர்களுக்கு. ஆயில் பெயிண்ட் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லத்தான் இறுகும், தடிமனான இடங்களுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரைகூட ஆகலாம். அதற்கப்புறம் நானே வந்து வார்னிஷ் பூசித் தருகிறேன். அதுவரை ஈரத் துணியால் மட்டும் துடைத்துவிடாதீர்கள். தூசி படிந்தால் மென்மையான உலர்ந்த பிரஷ் போதும், சந்தேகம் வந்தால் தயங்காமல் கூப்பிடுங்கள்.